உள்ளூர்ப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர்? – மறைந்த எங்கள் மாஸ்டரின் நினைவாக

எங்கள் இசைக்குழுவின் கீபோர்ட் கலைஞர் 2023 மார்ச் மாதம் ஈப்போவில் காலமானார். சில ஆண்டுகளாகவே சிறுநீரகக் கோளாறு, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு காலத்தில் அவரோடு மேடை ஏறியவர்கள். மறுநாள் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தேன். குடும்பத்தார் கட்டணம் கட்டிப் போட்ட மரண அறிவித்தலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்த ஒரு மனிதர் இந்த நாட்டில் வாழ்ந்தார் என்பதற்கு அந்த நான்கு அங்குலக் கட்டம்தான் சாட்சி!

பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். ஆகவே நாங்கள் அழைத்தபடியே மாஸ்டர் என்றே எழுதுகிறேன். பேராக் மாநிலத்தில் கோயில் திருவிழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அவர் யார் என்பது இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்றைய இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் கிந்தா வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழு என்றால் என்ன? ஒரு வாடகை வேன். இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டி. பாடகர் மூவர், பாடகி ஒருவர் (அவரோடு துணைக்கு அவருடைய அண்ணன் அல்லது சித்தப்பா). தபேலா, டிரம், கிட்டார், கீபோர்ட். தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் மேடை என்பது பெரும்பாலும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிதான். மாலையில் தண்ணீர் விட்டுக் கழுவி, பலகை போட்டு, தோரணம் கட்டிவிடுவார்கள். கழுவினாலும் அந்த எண்ணெய் வாசம் போகாது. விடியற்காலை வரை வாசிப்போம். ஆளுக்கு நாற்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி. காலையில் பசியாறிவிட்டு நேரே வேலைக்குப் போனவர்களும் எங்கள் குழுவில் இருந்தார்கள். மாஸ்டரே பகலில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதியவர்தான்.

நான் அந்தக் குழுவில் டிரம் வாசித்தேன். சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் சினிமாப் பாடல்களைத்தான் வாசித்தோம். அதில் ஒன்றும் குற்றமில்லை. இளையராஜாவின் பாடல்களை ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காதால் கேட்டே நோட்ஸ் எழுதிய தலைமுறை எங்களுடையது. எங்களுக்கு அதுவே இசைக் கல்லூரி. ஆனால் மாஸ்டருக்கு ஒரு விதி உண்டு. எந்த நிகழ்ச்சியானாலும் மூன்று பாட்டு இங்கே எழுதி இங்கே மெட்டமைத்ததாக இருக்க வேண்டும். ஏற்பாட்டாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி எங்களுக்குக் கைநழுவிய நிகழ்ச்சிகள் கொஞ்சமா? ஒரு தீபாவளிக் காலத்தில் மட்டும் நான்கு கல்யாண விருந்து போயிற்று. குழுவில் முணுமுணுப்பு வந்தது. "தம்பி, நாப்பது பாட்டுல மூணுதானே கேக்கறேன்? அதுக்கே இடமில்லன்னா நம்ம யாரு இங்க?" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லமாட்டார்.

பாடல் வரிகளில் அவர் பிடித்த பிடிவாதம் தனிக்கதை. ஒருமுறை தமிழாசிரியர் ஒருவர் அழகான பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். காவிரி, தென்றல், பொதிகை எல்லாம் அதில் இருந்தன. மாஸ்டர் மரியாதையாகப் படித்துவிட்டு, "ஐயா, ஈப்போ நடுவுல ஓடுற கிந்தா ஆத்துல என்ன குறை?" என்று கேட்டார். அந்த ஆசிரியர் முதலில் கோபித்துக்கொண்டார். மறுவாரம் புதிதாக ஒன்று எழுதிவந்தார். அதில் கித்தா மரமும் லயத்து வாசலும் இருந்தன. 1985-இல் ஈய விலை சரிந்து கிந்தா வட்டாரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு வேலை தேடிக் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறிய அண்ணன் ஒருவனும் இருந்தான். தோட்டத்துப் பெண்கள் அந்தப் பாட்டுக்கு அழுததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். காவிரியைப் பார்த்தறியாதவர்கள் அவர்கள். அந்தப் பேருந்தை வழியனுப்பியவர்கள்.

தாளத்திலும் அப்படித்தான். தப்பும் உருமியும் தோட்டத்தில் நாம் நூறாண்டுக்கு மேலாக அடித்துவருவது. அதை 'மட்டமான' வாத்தியம் என்று நம்மவர்களே ஒதுக்கிய காலத்தில் மேடையில் நடுவில் நிறுத்தியவர் மாஸ்டர். அதோடு விடவில்லை. ஜோகெட் தாளத்தை எடுத்து அதன்மேல் தமிழ் மெட்டு ஒன்றைப் போட்டார். அதற்கு மலாய்க்கார நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து எனக்கு இரண்டு மாதம் பாடம் எடுக்கச் சொன்னார். பி. ராம்லியின் பாடல்களை அவர் உருகி உருகிக் கேட்பார். 1950-இல் வெளிவந்த 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில்தான் ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். அந்தப் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்பதை யார் வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் வரமாட்டார். மலாய் சினிமாவின் பொற்காலத்தைக் கட்டி எழுப்பிய இயக்குநர்களில் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், பி.என். ராவ், எஸ். ராமநாதன் என்று எத்தனை இந்தியர்கள்! "அவங்க இசை வேற, நம்ம இசை வேறன்னு பிரிச்சுச் சொன்னவன் யாரு?" என்பது அவர் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அல்லிகேட்ஸ் குழுவை அறியாத மலேசியர் இல்லை. பினாங்கிலிருந்து வந்த சகோதரர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். லோகா 2007 ஜூன் மாதம் புற்றுநோயால் மறைந்தபோது நாடே வருந்தியது. மலாய்க் குடும்பங்களில் கண்ணீர் விட்டார்கள். நியாயமான கண்ணீர், அந்தக் குரல் அப்படிப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் இருவர் மலாய்ப் பாட்டில் கொடி நாட்டினார்கள் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அதே திறமையோடு தமிழில் பாடியவர்கள் எங்கே போனார்கள்? மலாயில் பாடினால் தேசியக் கலைஞர், தமிழில் பாடினால் 'இந்தியர் நிகழ்ச்சி'. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டு வாழ்க்கையைப் பற்றி, இந்த நாட்டுக் குடிமகன் ஒருவன் எழுதிய பாட்டு, அதன் மொழி தமிழ் என்பதாலேயே உள்ளூர்ப் பாட்டு ஆகாமல் போய்விடுமா?

திரைப்படத் துறையில் இந்தக் கேள்வி 2016-இல் வெளிப்படையாகவே வெடித்தது. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்கு வேறு பிரிவு என்று வகுத்தார்கள். மலாய்க் கலைஞர்கள் சிலரே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், இதை நாம் மறக்கக்கூடாது. ஏற்பாடு மாற்றப்பட்டது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற தமிழ்ப் படத்துக்குப் போயிற்று. செய்தி வந்த அன்று மாஸ்டர் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "படத்துக்கு வழி திறந்துட்டாங்க தம்பி, பாட்டுக்கு எப்ப?" என்றார்.

பாட்டுக்கு எப்போது? இதில் அரசாங்கத்தைக் குறை சொல்வதற்கு முன் நம் வாசலைப் பார்ப்போம். வானொலி 6 என்றும் பிறகு 2005 முதல் மின்னல் எஃப்.எம். என்றும் அழைக்கப்படும் அரசு வானொலிக்கு உள்ளூர்க் கலைஞர்களை வளர்த்த வரலாறு உண்டு. அங்காசாபுரியில் ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தால் அது ஒரு பட்டம் கிடைத்த மாதிரி. ரெ. சண்முகம் போன்றவர்கள் அங்கே போட்ட அடித்தளத்தை மாஸ்டர் நன்றியோடு சொல்வார். அதன் பின் தனியார் ஒலிபரப்பும் விளம்பரமும் பெருகின. ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) எங்கள் குறுந்தட்டைக் கொடுத்தபோது அங்கிருந்த இளைஞர், "நல்லா இருக்குண்ணே, ஆனா மக்கள் கேக்கறதத்தான் நாங்க போடறோம்" என்றார். அந்தத் தட்டு அவர் மேசையில் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்ததை மறுமாதம் போனபோது பார்த்தோம்.

மக்கள் எதைக் கேட்பார்கள்? காதில் விழுந்ததைத்தானே கேட்பார்கள்! ஒரு நாளைக்குப் பத்து முறை ஒலிக்கும் பாட்டை மக்கள் விரும்புவதும், நள்ளிரவில் ஒருமுறை ஒலிக்கும் பாட்டை மறப்பதும் ரசனையின் தீர்ப்பு ஆகுமா? வாய்ப்புக் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு யோகி பியும் நட்சத்ராவும் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பே போதும். கோலாலம்பூர்ப் பையன்களின் தமிழ்ச் சொல்லிசை எல்லை தாண்டிச் சென்னைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. இங்கே ஒரு வேறுபாட்டையும் பதிவு செய்துவிடுகிறேன். அந்தத் தொகுப்பின் புகழ்பெற்ற பாட்டு 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாட்டின்மேல் கட்டியது என்பதால் மாஸ்டருக்கு அது முழுத் திருப்தி இல்லை. "மாடி நம்மது, அஸ்திவாரம் அவங்களது" என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லிசை உலகெங்கும் பழைய பாட்டின் துண்டைக் கோத்துத்தான் வளர்ந்தது. நாங்கள் இருவரும் இதைப் பற்றிச் சண்டை போட்டே மூன்று தே தாரிக் குடித்திருக்கிறோம்.

இன்னொரு பெயரும் அடிக்கடி எங்கள் பேச்சில் வரும். மலேசியா வாசுதேவன். இந்த மண்ணில் 1944-இல் பிறந்தவர். சென்னைக்குப் போய், 1977-இல் '16 வயதினிலே' படத்தில் பாடி, 2011-இல் அங்கேயே மறைந்தவர். பெயரில் நாட்டைச் சுமந்தார். ஆனால் பாடகராக வாழ்வதற்கு நாட்டை விட்டுப் போகவேண்டியிருந்தது. மாஸ்டருக்கும் சென்னை போகச் சொல்லி நண்பர்கள் ஆசை காட்டினார்கள். போகவில்லை. தாயார் நோயாளி என்பது ஒரு காரணம். ஆனால் தாயார் தவறிய பிறகும் அவர் போகவில்லை.

அவர் பக்தியை வைத்து அவரை ஒரு மகான் ஆக்கிவிட எனக்கு எண்ணமில்லை. உள்ளூர்ப் பாட்டு என்றாலே கைதட்ட வேண்டும் என்ற போக்கை அவர் வெறுத்தார். சுருதி விலகிப் பாடுபவர்களை மேடையிலேயே முறைப்பார். சென்னைப் பாடகரைப் போலவே மூக்கால் பாடும் பையனிடம், "அவரு ஏற்கனவே இருக்காரு, நீ எதுக்கு?" என்று கேட்டு அவனை அழவைத்திருக்கிறார். கணினியில் குரலைத் திருத்தும் மென்பொருள் வந்த பிறகு வந்த பல பாடல்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. சம்பளம் கொடுப்பதிலும் தாமதம் உண்டு. ஆனால் ஒருநாளும் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் ஒலிநாடாக் கம்பெனி ஒன்று அவரிடம் தீபாவளிக்கு ஒரு தொகுப்பு, பக்திப் பாடல் ஒரு தொகுப்பு என்று கேட்டு வாங்கியது. பாட்டுக்கு முந்நூறு வெள்ளி. கையெழுத்துப் போட்ட காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நகல் கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பாடல்களோ இணையத்தில் யார் யார் பெயரிலோ உலவுகின்றன. ஒரு பக்திப் பாடலுக்கு இலட்சக்கணக்கில் பார்வைகள். அதன் கீழே இசையமைப்பாளர் பெயர் 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறது! மனிதன் செத்து ஆண்டு நிறைவதற்குள் அவன் பாட்டு அனாதையாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் இசைப் படைப்பின் உரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பிறகு 50 ஆண்டுகளும் நீடிக்கும். அப்படியானால் மாஸ்டரின் பாடல்களுக்கு 2073 வரை உரிமை உண்டு. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பாக இருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை செய்யச் சொன்னவருக்குப் போய்விடும். முந்நூறு வெள்ளியை வாங்கி, நகல்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட நம் கலைஞர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கம்பெனிக்காரர் தன் கடையில் வந்த பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மேடைக்காக மாஸ்டர் தானே எழுதிய பாடல்கள் யாரும் செய்யச் சொன்னவை அல்ல. அவை அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

மெட்டமைத்தவர்களுக்கும் பாடல் எழுதியவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துக் கொடுக்க எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989 முதல் இருக்கிறது. உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்தால்தான் பணம் வரும். 2012 முதல் மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திலும் படைப்பைத் தானாக முன்வந்து அறிவித்துப் பதிந்துகொள்ளலாம். கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் கையில் ஓர் ஆதாரம். மாஸ்டர் இரண்டையும் செய்யவில்லை. "பாட்டுக்குக் கணக்கு எழுதவா நான் டயர் கடையில இருக்கேன்?" என்று சிரித்துத் தட்டிக்கழித்தார். இது அவர் மட்டும் செய்தது இல்லை. மூத்த கலைஞர்களை வரிசையாக உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றன. அந்தப் பொன்னாடை விலைக்கு ஒரு வழக்கறிஞரை அரைநாள் உட்காரவைத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் என்ன?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மேடைகள் எல்லாம் ஒரே நாளில் நின்றன. மாஸ்டர் தன் இரண்டு கீபோர்டுகளில் ஒன்றை விற்றார். மற்றொன்று அவர் மறைந்தபோது படுக்கைக்குப் பக்கத்தில் துணி மூடி இருந்தது. அறையின் மூலையில் பிஸ்கட் டின்களில் ஒலிநாடாக்கள். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்று. ஒத்திகைகள், திருவிழா மேடைகள், ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த முதல் பிரதிகள்.

நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஒலிநாடாவின்மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். அப்படியே ஓடவிட்டால் கருவியும் கெடும், நாடாவும் கெடும். ஒவ்வொன்றையும் பிரித்து, மெதுவாகத் துடைத்து, வேறு உறையில் மாற்றி, ஒலியெடுக்கும் தலையின் கோணத்தை அந்தந்த நாடாவுக்கு ஏற்பத் திருகித் திருத்தி, அதன் பிறகுதான் கணினிக்கு ஏற்ற வேண்டும். குழுவின் பழைய கிட்டார்காரரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்கிறோம். ஒரு நாடாவுக்கு ஒரு பகல். இருபத்திரண்டு முடிந்திருக்கின்றன. மூன்று நாடாக்களில் கேட்க ஒன்றுமே மிச்சமில்லை.

கவிதைக்கு இப்படி ஒரு நிலை இல்லை. முரசு நெடுமாறன் பல ஆண்டு அலைந்து, நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்று கொடுத்துவிட்டார். ஒருவர் நினைத்தார், முடித்தார். பாட்டுக்கு ஏன் அப்படி ஒருவர் கிளம்பவில்லை? 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி இந்நாட்டில் வெளியிடப்படும் நூல்கள் மட்டுமல்ல, ஒலிப்பதிவுகளும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். தமிழ் ஒலிநாடா வெளியிட்டவர்கள் எத்தனை பேர் அதைச் செய்தார்கள்? நூலகத்தில் நம் பாட்டு இல்லை என்று பிறகு யாரிடம் போய்ப் புகார் சொல்வது? 'உங்களுக்கென்று இங்கே என்ன இருக்கிறது' என்று யாராவது கேட்கும்போது பத்துமலையைக் காட்டுகிறோம், தமிழ்ப் பள்ளிகளைக் காட்டுகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகி, மக்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போனார்கள். லயமும் இல்லை, அந்த லோரி மேடையும் இல்லை. அந்த வாழ்க்கை எப்படி ஒலித்தது என்பதற்கு மிச்சமிருப்பது இப்படிச் சிலர் வீட்டு பிஸ்கட் டின்கள்தான். அவற்றைச் சேகரிக்கும் வேலையை, மானியம் கிடைக்கும் நம் பெரிய அமைப்புகளில் ஒன்றாவது தன் ஆண்டுத் திட்டத்தில் எழுத வேண்டும். வானொலி நிலையங்கள் உள்ளூர்ப் பாட்டுக்குப் பகல் நேரத்தில் இடம் கொடுப்பதோடு, பாடகர் பெயருடன் மெட்டமைத்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சொல்ல வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, பத்து விநாடி போதும்.

எங்களிடம் உள்ள நாடாக்களில் ஏழின்மேல் எழுத்து எதுவும் இல்லை. அதில் ஒன்றில், 1988 வாக்கில் இருக்கலாம், ஓர் இளம் பெண் மாஸ்டரின் கிந்தா ஆற்றுப் பாட்டைப் பாடுகிறார். பின்னணியில் மழை, தகரக் கூரை. எங்கள் குழுவில் பாடிய யாருடைய குரலும் அது இல்லை. சுங்கை சிப்புட்டா, கம்பாரா, தெலுக் இந்தானா என்றும் தெரியவில்லை. பாட்டு நடுவில் அவர் ஒரு வரியை மறந்து சிரிக்க, மாஸ்டர் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ அந்தக் காலத்தில் பேராக் பக்கம் மேடையில் பாடியவர் என்றால் தயவுசெய்து அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிவுப் படிவத்தில் பாடியவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.